வயதான நாய்க்குக் கால் அடிபட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஜூலிக்கு அப்போது 12 வயது. பாதி லேப்ரடார், மீதி எங்கள் தெரு. தஞ்சாவூர் வீட்டின் மொசைக் தரையை அம்மா துடைத்துவிட்டு நகர்ந்த நேரம், வாசலில் கேஸ் சிலிண்டர் உருட்டும் சத்தம். குரைத்துக்கொண்டே ஓடியவள் கூடத்து வளைவில் வழுக்கினாள். வலது பின்னங்கால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரே ஒரு கீச். அப்புறம் எழுந்து, மூன்று காலில் வாசல்வரை போய், சிலிண்டர்காரரைக் குரைக்க வேண்டியது குரைத்துவிட்டுத்தான் படுத்தாள்.

முட்டி ஜவ்வு கிழிந்திருந்தது. அடுத்த நாலு மாதம் அவளைப் பார்த்துக்கொண்டதில் தெரிந்துகொண்டதை அக்கம்பக்கத்தார், நண்பர்களின் நண்பர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. நான் கால்நடை மருத்துவர் இல்லை. மருந்தும் அளவும் அவர்கள் சொல்வதுதான். வீட்டில் செய்ய வேண்டியதைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

காலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. உடனே ஓட வேண்டுமா, ஒரு நாள் பார்க்கலாமா?

எலும்பு வெளியே தெரிகிறது, கால் தொங்கலாடுகிறது, ரத்தம் நிற்கவில்லை, பாதம் சில்லென்று இருக்கிறது, இரண்டு பின்னங்கால்களையும் இழுத்துக்கொண்டு போகிறது, வண்டி மோதியிருக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள். வண்டி மோதிய நாய் பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே ரத்தக் கசிவோ மூத்திரப்பை கிழிசலோ இருந்தால் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். ஈறு வெளுத்திருந்தால் நேரம் கடத்தவே கூடாது.

இதெல்லாம் இல்லை, விரல் நுனியையாவது தரையில் தொடுகிறது, சாப்பிடுகிறது என்றால் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திவிட்டு ஒரு நாள் பார்க்கலாம். இளம் நாய் என்றால் இரண்டு நாள்கூடப் பொறுக்கலாம். பத்து வயதைத் தாண்டிய நாய்க்கு அவ்வளவு விட வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

கிட்டப் போனாலே கடிக்க வருகிறது. எப்படித் தூக்குவது?

பன்னிரண்டு வருடம் உங்கள் கையால் சாப்பிட்ட நாயும் வலியில் கடிக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். பழைய துப்பட்டாவை நீளமாகக் கிழித்து, மூக்குப் பகுதியைச் சுற்றி ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, இரண்டு நுனியையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு உருவு முடிச்சு. வாந்தி எடுத்தாலோ மூச்சு வாங்கினாலோ கட்டக் கூடாது. கட்டினாலும் ஏற்றி இறக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும்தான். நாய் வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. மே மாதத்து வெயிலில் வாயைக் கட்டி ஆட்டோவில் அரை மணி நேரம் கொண்டுபோனால் கால் வலியைவிடப் பெரிய ஆபத்து வந்துவிடும்.

பெரிய நாய் என்றால் பெட்ஷீட்டில் நகர்த்தி, இரண்டு பேர் நான்கு முனையைப் பிடித்துத் தூக்குங்கள். முதுகிலும் அடி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பலகை. அடிபட்ட பக்கம் மேலே இருக்கட்டும். குச்சி வைத்து நீங்களே கட்டுப்போட வேண்டாம். தொடை எலும்போ தோள்பக்க எலும்போ உடைந்திருந்தால், கீழே போடும் கட்டு பாரமாகத் தொங்கி உடைந்த இடத்தை இன்னும் விலக்கிவிடும்.

நாம் போடும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

கூடாது. பாரசிட்டமால், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. டோலோ, குரோசின், காம்பிஃப்ளாம், வோவெரான் என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. பாரசிட்டமால் அளவு மீறினால் நாயின் ஈரலைக் கெடுக்கும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். ஐபுபுரூஃபென் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். நாய்க்கே பாதி என்றால் பூனைக்குக் கால் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. பூனைக்குப் பாரசிட்டமால் ஒரே மாத்திரையில் உயிர் போகும்.

எங்கள் வீட்டில் இது நடக்க இருந்தது. முதல் நாள் இரவு ஜூலி முனகுவதைப் பொறுக்காமல் அண்ணன் மாத்திரையை உடைத்துச் சோற்றில் புதைத்துவிட்டான். அவள் சோற்றைத் தின்று மாத்திரையைத் தட்டிலேயே துப்பி வைத்திருந்தாள். எங்களைவிட விவரம்.

கொடுத்துவிட்டீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எது, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். அதை வைத்துத்தான் அடுத்த ஊசியையே முடிவு செய்வார்கள்.

வயதான நாய்க்கு என்ன ஆகியிருக்கும்? சுளுக்காக இருக்காதா?

இருக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். முதலில் பார்த்த மருத்துவர் ஒருவரும் சுளுக்கு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார். எட்டு நாள் வீணானது.

பின்னங்காலில் அதிகம் வருவது முட்டி ஜவ்வுக் கிழிசல். நாய் உட்காரும்போது அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி உட்காரும். நின்றால் விரல் நுனிதான் தரையில் இருக்கும். மருத்துவர் தொடை எலும்பை ஒரு கையிலும் கீழ்க்கால் எலும்பை இன்னொரு கையிலும் பிடித்து முன்னால் தள்ளிப் பார்ப்பார். ஜவ்வு அறுந்திருந்தால் கீழ் எலும்பு மேசை டிராயர் போல முன்னால் வரும். ஜூலிக்கு அது வந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது, மூட்டுக்குள் வீக்கமும் தேய்மானமும்தான் தெரியும். ஆகவே "எக்ஸ்ரே நார்மல்" என்றால் பிரச்சினை இல்லை என்று அர்த்தம் இல்லை.

வயதான நாய்க்கு மட்டும் கூடுதலாக இரண்டு சந்தேகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, உண்ணிக் காய்ச்சல். நம் ஊரில் உண்ணிக்குப் பஞ்சமில்லை. அதனால் வரும் தொற்று மூட்டுகளை வீங்க வைத்து நொண்ட வைக்கும். இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால் என்று மாறி மாறி நொண்டினால் முதலில் ரத்தப் பரிசோதனைதான். இரண்டாவது, எலும்புப் புற்று. பெரிய உடம்புள்ள நாய்களில், முன்னங்காலில் மணிக்கட்டுக்கு மேலேயோ தோள் பக்கமோ, பின்னங்காலில் முட்டியை ஒட்டியோ கெட்டியான வீக்கம். வலி மாத்திரைக்குக் கொஞ்சம் அடங்கும், திரும்ப வரும். லேசாக இடறியதற்கே எலும்பு முறிந்தால் இதைக் கேட்டே ஆக வேண்டும். ஒரு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான்.

எக்ஸ்ரே, எலும்பு அறுவை சிகிச்சை இரண்டும் எல்லாத் தெருமுனை மருத்துவமனையிலும் இருக்காது. அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ராமையன்பட்டி போன்ற இடங்களில் இருக்கின்றன. காலையிலேயே போய்விடுவது நல்லது. நாயைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க இரண்டு பேராகப் போங்கள்.

இந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா? ஆபரேஷன் தேவைதானா?

வயது மட்டுமே தடை இல்லை. உள்ளே இருக்கும் இதயமும் சிறுநீரகமும் ஈரலும்தான் கேள்வி. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), ஈரல் பரிசோதனை, ரத்த அணுக்கள், நெஞ்சு எக்ஸ்ரே பார்க்காமல் வயதான நாயை மேசையில் ஏற்றுகிறேன் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். உண்ணிக் காய்ச்சல் இருந்தால் தட்டணுக்கள் குறைந்திருக்கும். அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் உறையாது.

எலும்பு நன்றாக விலகி முறிந்திருந்தால் பெரும்பாலும் பிளேட்டோ கம்பியோ வைக்கத்தான் வேண்டும். ஜவ்வுக் கிழிசலில் கொஞ்சம் தேர்வு உண்டு. 15 கிலோவுக்குக் குறைவான நாய்கள் ஓய்விலேயே ஓரளவு தேறிவிடுவது உண்டு. பெரிய நாய்களுக்கு அறுவை சிகிச்சைதான் நல்ல பலன் தரும். கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியை வெட்டி, சரிவை மாற்றிப் பிளேட் வைக்கும் டிபிஎல்ஓ என்ற முறை அதில் பெயர் பெற்றது.

ஜூலி 27 கிலோ. செய்திருக்க வேண்டிய கேஸ்தான். ஆனால் தட்டணு குறைவு, கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல். உண்ணிக் காய்ச்சலுக்கு நாலு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுத்து முடிப்பதற்குள் மூட்டைச் சுற்றித் தடித்து, ஆட்டம் குறைந்துவிட்டது. "இதோடயே போகலாம்" என்றார் மருத்துவர். போனோம். அதனால் கீழே எழுதுவது பெரும்பாலும் ஓய்வு வழி. அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

புத்தூர் கட்டு போடலாமா?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. மனிதர்களுக்கு அதன்மேல் நம்பிக்கை உள்ளவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. நாய்க்கு வேண்டாம். எலும்பு எப்படி முறிந்தது என்று படம் பார்க்காமல் மூங்கில் பத்தை வைத்து இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று பாதமே அழுகிப்போகலாம். "ரொம்ப இறுக்கமா இருக்கு" என்று சொல்ல நாய்க்கு வாயில்லை. அப்புறம், முட்டையின் வெள்ளைக்கருவைத் தடவிக் கட்டினால் நாய் அதை விட்டுவைக்கும் என்றா நினைக்கிறீர்கள்?

மருத்துவர் போட்ட கட்டை எப்படிக் கவனிப்பது?

நடு விரல்கள் இரண்டும் வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். தினமும் காலையும் மாலையும் அந்த இரண்டு நகத்தைப் பாருங்கள். நகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தால் உள்ளே வீங்குகிறது. தொட்டால் சில்லென்று இருந்தாலும் உடனே அவிழ்க்க வேண்டும், அதே நாளில். நாற்றம் வந்தாலும், திடீரென்று கட்டைக் கடிக்க ஆரம்பித்தாலும் அப்படியே. ஈ மொய்த்தால் இரண்டு நாளில் புழு வைத்துவிடும்.

ஐப்பசி மழையில் வெளியே போனால் கட்டின்மேல் பிரெட் கவரை மாட்டி, உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள். கழற்ற மறந்தால் உள்ளே வியர்த்து, நனைந்ததைவிட மோசமாகும்.

நாய் நக்கினால் புண் தானே ஆறும் என்கிறார்களே?

ஆறாது, தையல் பிரியும். கூம்பு காலர் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, ஓரத்தில் துணி சுற்றிக் கழுத்தில் மாட்டலாம். மண்ணெண்ணெய், வண்டி ஆயில், டெட்டால் எதையும் புண்ணில் ஊற்றாதீர்கள். மஞ்சளைக் குழைத்து அப்பினால் புண் ஆறுகிறதா, அழுகுகிறதா என்றே தெரியாமல் போகும். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரும், வெளிர் டீ நிறத்துக்குக் கரைத்த போவிடோன் அயோடினும் போதும்.

வேறு நாய் கடித்து வந்த காயம் என்றால் கதை வேறு. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், கையுறையோடு. ஏற்கெனவே வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும் மீண்டும் போட வேண்டியிருக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

"ரெஸ்ட் கொடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம்?

மருந்துச் சீட்டில் கடைசி வரியாக எழுதுவார்கள். உண்மையில் அதுதான் முதல் மருந்து.

ரெஸ்ட் என்றால் வாக்கிங் போகாமல் இருப்பது மட்டும் இல்லை. வீட்டுக்குள் ஓடக் கூடாது. சோபாவில் ஏறக் கூடாது, மாடிப்படி கூடாது, குளியலறைவரை பின்னாலேயே வரக் கூடாது. எழுந்து நிற்க, திரும்ப, படுக்க மட்டும் இடம் உள்ள ஒரு மூலை. நாங்கள் கூடத்தில் சுவரோரமாக ஒரு கட்டிலையும் இரண்டு நாற்காலியையும் சாய்த்துப் போட்டு அடைத்தோம். தனி அறையில் அடைத்தால் அழுது கதவைப் பிறாண்டும். அந்தப் பிறாண்டலுக்கும் பின்னங்காலில்தான் நிற்கும். ஆள் நடமாட்டம் கண்ணில் படுகிற இடமாக இருக்கட்டும். குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவதும் ரெஸ்ட் இல்லை. தபால்காரர் வந்ததும் சங்கிலியோடு எம்பும், கால் சுண்டும்.

முதல் இரண்டு வாரம் சுலபம். வலியில் அதுவே படுத்திருக்கும். மூன்றாவது வாரம்தான் கஷ்டம். வலி அடங்கிவிடும், ஜவ்வோ எலும்போ சேர்ந்திருக்காது. நாய் எழுந்து வாலை ஆட்டி உங்களைப் பார்க்கும். "பாவம், கொஞ்சம் வெளியே விடு" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். எங்கள் வீட்டில் அப்பா. பத்தொன்பதாம் நாள் காலை நான் குளிக்கப் போன நேரம் அவர் நாற்காலியை நகர்த்திவிட்டார். மதில்மேல் ஒரு பூனை, ஜூலி பாய்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் ஜூலியின் முட்டி மறுபடி கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. நாள் கணக்கை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தோம்.

எலும்பு என்றால் குட்டிக்கு மூன்று நான்கு வாரத்தில் கூடிவிடும். வளர்ந்த நாய்க்கு 8 முதல் 12 வாரம், கிழ நாய்க்கு அதற்கும் மேல். எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்லும்வரை நாற்காலி நகரக் கூடாது. இடையில் தீபாவளி வந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் பயம் குறைக்கும் மருந்து கேட்டு வாங்கி வையுங்கள். வெடிச் சத்தத்தில் பிய்த்துக்கொண்டு ஓடினால் மூன்று மாதப் பாடும் போச்சு.

வீட்டில் டைல்ஸ். என்ன செய்வது?

எனக்கு விட்டால் இதற்கு மட்டும் ஒரு பக்கம் எழுதுவேன். ஜூலி விழுந்தது தரையால்தான், நாயால் இல்லை.

வயதாக ஆகப் பின்னங்கால் தசை வற்றும். அப்போது கிரானைட்டோ டைல்ஸோ நாய்க்கு எண்ணெய் கொட்டின தரை மாதிரி. எழுந்திருக்கும்போது பின்னங்கால் இரண்டும் விலகிக்கொண்டே போவதைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே மூட்டைத்தான் இழுக்கிறது. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், வாசல் என்று அது போகும் வழி முழுக்கப் பாதை போடுங்கள். பழைய யோகா விரிப்பு நல்லது, ரப்பர் விரிப்பு இன்னும் நல்லது. கோரைப்பாய் டைல்ஸில் தானே வழுக்கும். போட்டால் அடியில் ரப்பர் வலை வைக்க வேண்டும். ஃப்ளெக்ஸ் பேனர் சும்மா கிடைக்கிறதே என்று விரிக்காதீர்கள், தரையே தேவலை. சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் ஒரு கால்மிதி கட்டாயம், குனிந்து தின்னும்போதுதான் முன்னங்கால் விலகும்.

நடக்கும்போது தரையில் டக் டக் என்று நகம் தட்டினால் நகம் வளர்ந்திருக்கிறது. வெட்டுங்கள். பாதத்துக்கு அடியில் மெத்துகளுக்கு நடுவே வளரும் முடியையும் கத்தரியுங்கள். வழுக்குவதில் பாதி அந்த முடியால்தான். வீடு துடைப்பது நாய் தூங்கும் நேரத்தில் நடக்கட்டும்.

எழுந்திருக்க முடியவில்லை. ஒன்றுக்கு, இரண்டுக்கு எப்படி அழைத்துப்போவது?

ஈரிழைத் துண்டு ஒன்று போதும். வயிற்றுக்கு அடியில், பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் கொடுத்து, இரண்டு முனையையும் முதுகுக்கு மேலே சேர்த்துப் பிடியுங்கள். தூக்க வேண்டாம், தாங்கினால் போதும். ஆண் நாய் என்றால் துண்டு குறியை அமுக்காமல் பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் அதன்மேலேயே பெய்துவிடும், பாவம். கழுத்தில் பெல்ட்டும் கயிறும் இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு நான்கு தடவை, போன வேலை முடிந்ததும் திரும்ப வேண்டியதுதான். குந்தினால் முட்டி வலிக்கும் என்று சில நாய்கள் மலத்தை அடக்கும். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் இரண்டு கரண்டி சோற்றில் கலந்தால் இளகும். 12 மணி நேரம் மூத்திரமே போகவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

படுத்தே கிடக்கிறது. புண் வராமல் இருக்க?

நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுங்கள். முழங்கை, இடுப்பெலும்பு, கணுக்கால் மூன்றையும் தடவிப் பாருங்கள். முடி கொட்டி, சிவந்திருந்தால் புண் கிளம்புகிறது. பழைய இலவம்பஞ்சு மெத்தை வீட்டில் இருந்தால் எடுத்துப் போடுங்கள், கட்டி தட்டியிருந்தால் வெயிலில் போட்டு உதிர்த்துவிட்டு. மூத்திரம் பட்ட இடத்தைக் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் தேங்காய் எண்ணெய் மெல்லிசாகத் தடவலாம். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி நாய்களுக்குத் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையே இல்லை. அவற்றுக்கு இன்னும் சீக்கிரம் புண் வரும்.

என்ன சாப்பாடு? ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் எலும்பு சேருமா?

சூப்பால் எலும்பு சேராது. வெங்காயம், பூண்டு போட்டுக் காய்ச்சியிருந்தால் விஷம். இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். கால்சியம் மாத்திரையும் இஷ்டத்துக்கு வேண்டாம். கடையில் வாங்கும் நாய் உணவு தின்கிற நாய்க்கு அதிலேயே இருக்கிறது. வெறும் சோறும் கோழியும் தின்கிற நாய்க்குக் கால்சியம் குறைவாகத்தான் போகும், எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பெரிய விஷயம் எடை. லேப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுக்க வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. 48 நாய்கள், ஜோடி ஜோடியாக. ஒன்றுக்குப் போடுவதைவிட 25 சதவீதம் குறைவாக அதன் ஜோடிக்குப் போட்டார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தாமதமாகத்தான் வந்தது.

ஜூலி 23 கிலோ இருக்க வேண்டியவள். அந்த எடைக்குப் படுத்திருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 735 கலோரி போதும். தட்டில் அளந்துதான் போட்டேன், எடை இறங்கவே இல்லை. ஒரு நாள் உட்கார்ந்து கவனித்தேன். அப்பா காலைக் காபிக்கு இரண்டு மேரி பிஸ்கட், சாயங்காலம் இரண்டு, அம்மா இரண்டு. ஒரு பிஸ்கட் சுமார் 25 கலோரி என்றாலும் மொத்தம் 150. அவள் சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அப்புறம் பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரிக்காய் வில்லை என்று சட்டம் போட்டோம். ஜூலி ஏற்றுக்கொண்டாள். அப்பாவுக்குத்தான் ஒரு வாரம் பிடித்தது.

விலா எலும்பைத் தடவினால், உங்கள் புறங்கையைத் தடவுகிற மாதிரி எலும்பு மெலிதாகத் தட்டுப்பட வேண்டும். அதுதான் கணக்கு.

ஐஸ் வைக்கலாமா, சுடு ஒத்தடமா?

முதல் மூன்று நாள் ஐஸ், துணியில் சுற்றி, 10 முதல் 15 நிமிடம். வீக்கம் வடிந்தபின் வெதுவெதுப்பான ஒத்தடம், உங்கள் உள்முழங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு. மனிதர்களுக்கான வலித் தைலங்கள் வேண்டவே வேண்டாம், நக்கிவிடும்.

எப்போது நடக்க விடலாம்?

மருத்துவர் சரி என்றதும், ஐந்து நிமிடம். கயிறு கையில். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஆமை மாதிரி நடங்கள், இது முக்கியம். மெதுவாக நடந்தால்தான் நாய் அடிபட்ட காலை ஊன்றும். கொஞ்சம் வேகம் எடுத்தாலும் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடப் பழகிவிடும். ஜூலி ஐந்தாவது வாரத்தில் நாலு வீடு தள்ளியுள்ள பிள்ளையார் கோயில்வரை போகப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். வழியில் ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து பார்க்க விட்டேன். மோந்து பார்க்க நிற்கும்போது நாலு காலிலும் எடை விழும்.

அப்புறம், விளக்குமாறு இரண்டு மூன்றைத் தரையில் இடைவெளி விட்டு வைத்துத் தாண்ட வைக்கலாம். உட்கார், எழுந்திரு என்று ஐந்து முறை, நேராக உட்கார்ந்தால் மட்டும். மறுநாள் நொண்டல் அதிகமானால் முந்தின நாள் செய்தது அதிகம், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நீந்த விடலாமா? வீட்டுக்குப் பக்கத்தில் ஆறு.

தண்ணீர் நல்ல வைத்தியம்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் நாயின் கால்களில் விழுவது அதன் எடையில் 38 சதவீதம் மட்டுமே. அதனால்தான் பெரிய நகரங்களில் சில இடங்களில் தண்ணீர்த் தொட்டிக்குள் டிரெட்மில் வைத்து நடக்க விடுகிறார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் புதுஆற்றில் ஆடி மாதத்துத் தண்ணீர் போகிற வேகத்துக்கு நொண்டி நாயை இறக்குவது சிகிச்சை இல்லை. கரையில் பாசி, இறங்கும்போதும் ஏறும்போதும்தான் மறுபடி கிழியும். தையல் ஆறி, மருத்துவர் சம்மதித்து, ஓடாத தண்ணீர், சறுக்காத இறக்கம், மிதவை உடுப்பு மாட்டி நீங்களும் கூட இறங்குவது என்றால் செய்யுங்கள்.

வலி மாத்திரையை எத்தனை நாள் கொடுப்பது?

மருத்துவர் எழுதிய நாள்வரை, சாப்பாட்டோடு. மெலாக்சிகாம், கார்புரோஃபென் போன்றவை நாய்களுக்குத் தருவதுதான், ஆனால் வாந்தி, சாப்பாட்டை ஒதுக்குவது, தார் மாதிரிக் கறுத்த மலம் வந்தால் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டோடு சேர்த்துத் தரவே கூடாது. வேறு மருத்துவரிடம் போனால் பழைய சீட்டைக் காட்ட மறக்காதீர்கள். சிறுநீரகம் சுமாராக இருந்ததால் ஜூலிக்கு ஐந்து நாளில் நிறுத்திவிட்டு கபாபென்டின் என்ற வேறு வகை வலி மருந்துக்கு மாற்றினார் மருத்துவர். முதல் இரண்டு நாள் கள் குடித்தவள் மாதிரித் தள்ளாடினாள், பிறகு சரியாகிவிட்டது.

இரவெல்லாம் முனகுகிறது. வலியா, அடமா?

இளைப்பு, நடுக்கம், ஒரே இடத்தில் படுக்காமல் மாறி மாறிப் படுப்பது, தொட்டால் விறைப்பது இருந்தால் வலி. நீங்கள் பக்கத்தில் போனதும் நின்றுவிட்டால் தனிமை. மூத்திரம் வந்தாலும் முனகும். முதல் பத்து நாள் நான் கூடத்தில் பாய் போட்டு அவள் பக்கத்தில்தான் படுத்தேன்; வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு காலும் போய்விடுமாமே?

ஜவ்வுக் கிழிசலில் அது உண்மைதான். ஏறக்குறைய பாதி நாய்களுக்குப் பிற்பாடு மறுகாலிலும் கிழிகிறது. அதனால்தான் எடை, தரை என்று மேலே இவ்வளவு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

காலை எடுத்துவிடச் சொல்கிறார்கள். தூங்க வைத்துவிடலாமா என்றும் கேட்கிறார்கள்.

இரண்டும் ஒன்று இல்லை. மற்ற மூன்று காலும் நன்றாக இருந்தால் நாய்கள் மூன்று காலில் நன்றாகவே வாழும். அவமானம், அழகு எல்லாம் நம் கணக்கு. பின்னங்கால் இரண்டும் வலுவிழந்து முன்னங்கால் நன்றாக இருந்தால் பிவிசி குழாயில் சக்கர வண்டி செய்து மாட்டலாம். அளவு சரியாக இல்லாவிட்டால் இடுப்பில் உராய்ந்து புண்ணாகும், அதைப் பாருங்கள்.

கால் ஒன்றுக்காக மட்டும் உயிரை முடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. எந்த மருந்துக்கும் வலி அடங்கவில்லை, பிடித்ததை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, தன் மூத்திரத்திலேயே கிடந்து அதற்காகக் கூசுகிறது என்றால் மருத்துவரிடம் மனம் திறந்து பேசுங்கள். அந்த முடிவை எடுத்தவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஜூலி இப்போது எப்படி?

13 முடிந்துவிட்டது. 24 கிலோ, கடைசி ஒரு கிலோ இறங்க மறுக்கிறது, அப்பாவை எனக்குச் சந்தேகம். குளிர்ந்த காலையில் எழுந்ததும் நாலு அடி தாங்கித் தாங்கி நடப்பாள், பிறகு நேராகிவிடும். சிலிண்டர் வரும் நாளில் யோகா விரிப்பின்மேலேயே, அவசரமில்லாமல், வாசலுக்குப் போய் இரண்டு முறை குரைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறாள்.